தடுப்பில் ஒரு வகுப்பறை

2009ஆம் ஆண்டு முடியும் காலம். கிருலப்பனையில் நான் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கும் அறைக்கு, ஆசிரிய நண்பர் ஒருவர் பத்திரிகையுடன் வந்தார். புலிகள் இயக்கத்தில் இருந்த சிறுவர்களைப் படிப்புக்காக இரத்மலானை கொழும்பு இந்துக் கல்லூரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்ற செய்தி அதில் இருந்தது. "சேர், வரலாறு படிப்பிக்க உங்களைக் கூப்பிட்டால் போவீங்களா?" என்று கேட்டார். தேநீர் எடுத்துவரும் சாட்டில் எழுந்துபோய், திரும்பி வந்ததும் பேச்சை மாற்றிவிட்டேன்.

கிருலப்பனையிலிருந்து இரத்மலானை தூரமில்லை. பாமன்கடையால் வெள்ளவத்தைக்கு இறங்கி, காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் எடுத்தால் தெஹிவளை, கல்கிசை தாண்டி வந்துவிடும். எனக்குத் தூரமாக இருந்தது வேறொன்று. நான் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகள் எங்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது எனக்கு வயது பதினைந்து. அந்த நாட்களில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். உம்மா உடுப்புப் பையைத் தூக்கினார். வாப்பா தம்பியைத் தூக்கினார். என் பாடப்புத்தகங்கள் மேசையிலேயே கிடந்தன.

அந்தப் பதினைந்து வயதுக்காரனுக்காகத்தான் நண்பரின் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பிறகு வரலாற்று ஆசிரியனுக்குரிய முறையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். யுத்தம் முடிந்தது 2009 மே மாதம். அப்போது பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால், 1991 மே மாதத்துக்குப் பின் பிறந்தவர். அப்படியானால் சோனகத் தெரு வெறுமையான அன்று, இரத்மலானைக்கு வந்த அந்தச் சிறுவர்களில் ஒருவர்கூடப் பிறந்திருக்கவில்லை. கடைசி யுத்த காலத்தில் வன்னியில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று பலவந்தமாகப் பிடித்துச் சென்றதும் நாம் அறிந்ததே. அவர்களில் எத்தனையோ பேர் பாடசாலைச் சீருடையில் இருந்தபடி இழுத்துச் செல்லப்பட்டவர்கள். அவர்களுடைய புத்தகங்களும் மேசையிலேயே கிடந்திருக்கும்.

யுனிசெப் கணக்கின்படி, யுத்த முடிவில் புனர்வாழ்வுக்கு உட்படுத்தப்பட்ட சிறுவர்கள் 594 பேர். 364 ஆண்கள், 230 பெண்கள். அம்பேபுஸ்ஸ, வவுனியா பூந்தோட்டம் ஆகிய நிலையங்களில் இவர்கள் வைக்கப்பட்டிருந்தார்கள். 2008 டிசம்பரில் வெளியான அவசரகால ஒழுங்குவிதிகள், சிறுவர்களை நீதவான் முன் நிறுத்தி, ஒரு வருடத்துக்கு மேற்படாமல் புனர்வாழ்வுக்கு அனுப்ப இடமளித்தன. அவர்களுள் இருநூறுக்கு மேற்பட்டோர் பரீட்சைகளுக்குப் படிப்பதற்காக இரத்மலானைக்கு மாற்றப்பட்டனர். 2010 மே மாதத்துக்குள் சிறுவர் அனைவரும் குடும்பங்களிடம் சேர்ந்தனர்.

அது சிறை அல்ல என்றார்கள். ஆனால் நினைத்தபடி வெளியே போகமுடியாத இடத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் அது தடுப்புத்தான். தடுப்பில் இருக்கும் பிள்ளையின் உயிர் எவ்வளவு மலிவு என்பதை இந்நாடு முன்பே கண்டிருந்தது. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு நிலையத்துக்குள் ஒரு கும்பல் புகுந்து 27 தமிழ் இளைஞர்களைக் கொன்றது. அங்கே பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்களும் தடுத்து வைக்கப்பட்டிருந்தார்கள். 2003இல் ஐந்து பேருக்கு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. வழக்கின் முடிவில், 2005இல், உச்ச நீதிமன்றம் தண்டிக்கப்பட்டிருந்தவர்களை விடுவித்தது. அதையும் வைத்துப் பார்க்கும்போதுதான் இரத்மலானையின் பெறுமதி விளங்கும். அங்கே பிள்ளைகளை ஒரு பாடசாலைக்குள் கொண்டுவந்தார்கள். பாடசாலை என்றால் வரவு இடாப்பு இருக்கும். பரீட்சைச் சுட்டெண் இருக்கும்.

இடாப்பில் பெயர் எழுதப்படுவது என்ன என்பது எனக்குத் தெரியும். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் நடந்த வகுப்புக்கு நான் போன முதல் நாள், ஆசிரியர் என் பெயரைக் கேட்டு இடாப்பில் எழுதினார். நிவாரணப் பட்டியலில் எங்கள் குடும்பத்துக்கு ஓர் இலக்கம் இருந்தது. அந்த இலக்கத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்த எனக்கு, பல நாட்களுக்குப் பிறகு என் பெயர் சொல்லி ஒருவர் கூப்பிட்டது அன்றுதான். அகதியாக உள்ளே போனவன் மாணவனாக வெளியே வந்தேன். அவர் புத்தளத்துக்காரர், எங்களால் அவருடைய ஊரில் கிணற்றுத் தண்ணீருக்கும் நெருக்கடி வந்திருந்தது. அதை அவர் வகுப்புக்குள் கொண்டுவரவில்லை.

இந்த வரலாறு நமக்குப் புதிதுமல்ல. பத்றுப் போரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளுள் மீட்புப் பணம் கொடுக்க வசதியில்லாத, எழுதத் தெரிந்தவர்கள், மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றதைச் சிறு வயதிலேயே மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம். வாளோடு வந்த எதிரியையே ஆசிரியனாக ஏற்றுக்கொண்ட முன்னோரைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். எதிரி பலவந்தமாகப் பிடித்துச் சென்ற பிள்ளையை மாணவனாக ஏற்க எனக்கு ஏன் தயக்கம் வந்தது?

மன்னிப்பது வேறு, படிப்பிப்பது வேறு. எங்களை விரட்டியவர்கள் அதற்குப் பொறுப்புச் சொல்லவேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. அந்தக் கணக்கை ஒரு பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில் எழுதக் கூடாது என்பதைத்தான் நான் பிந்திக் கற்றுக்கொண்டேன். வெளியேற்றத்தைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லவும் ஒருவர் தேவைப்பட்டார். அதை அனுபவித்தவனே வெண்கட்டியோடு போய் நின்று சொல்லியிருந்தால், அது அவர்கள் கேட்ட முதலாவது நேர்மையான வரலாற்றுப் பாடமாக இருந்திருக்கலாம்.

அந்த வகுப்பு இன்று இல்லை. ஆனால் எங்கள் கிருலப்பனையைக் கடந்து செல்லும் ஹைலெவல் வீதியால் போனால், ஹோமாகமவுக்கு அப்பால் வட்டரெக்க சிறையில் இளம் குற்றவாளிகளுக்கென்று சுனீத வித்தியாலயம் இருக்கிறது. அங்கிருந்து பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். நோன்பு காலத்தில் சிறைகளுக்குப் பேரீச்சம்பழம் சேர்த்து அனுப்புகிறவர்கள் நாம். அதோடு ஓர் ஆசிரியரையும் அனுப்ப யோசிக்கலாம். நண்பர் மறுபடியும் கேட்டால், இம்முறை நான் தேநீர் எடுக்க எழுந்து போகமாட்டேன்.