குப்பாயமா? தோள்சீலையா?

சாதா பிளவுசா, கார்செட் மாடலா? இன்று அம்பத்தூர் டெய்லர் கடையில் பெண்களே முடிவு செய்கிறார்கள். இன்றைய குமரி மாவட்டப் பகுதியையும் உள்ளடக்கிய அன்றைய திருவிதாங்கூரில், நாடார் பெண்களுக்கு இந்த உரிமை கிடையாது. மேல்சாதியினர் முன்னால் மார்பை மறைக்கக்கூடாது!

1814-ல் கிறிஸ்தவப் பெண்கள் மட்டும் குப்பாயம் என்ற ஜாக்கெட் போடலாம் என்றார்கள். ஆனால் பெண்கள் விரும்பியது, உயர்சாதிப் பெண்கள் அணிந்த அதே தோள்சீலையை. 1829-ல் அரசு அதைத் தடை செய்தது. கலவரங்கள் வெடித்தன.

சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கியதால், எல்லா நாடார் பெண்களும் மார்பை மறைக்கலாம் என்று 1859 ஜூலை 26-ல் மகாராஜா அறிவித்தார். அதிலும் ஒரு நிபந்தனை: உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது! ஆக, பிரச்சினை துணியில் இல்லை, சமத்துவத்தில்தான்.