மருந்துச் சீட்டில் 'கி.' என்றால் கிராமா, கிலோவா?

பரிந்துரைச் சீட்டில் 'கி.' என்று மட்டும் இருந்தால், மருந்து வாங்கும் முன் கேட்டுத் தெளிவுபடுத்திக் கொள்ளவும். கிராமுக்கு 'கி.', கிலோகிராமுக்கு 'கி.கி.' அல்லது 'கிலோ' என்பதே வழக்கம். விதை நேர்த்திக்கு '4 கி./கிலோ' டிரைக்கோடெர்மா விரிடி என்றால், ஒரு கிலோ விதைக்கு 4 கிராம். எழுதுபவர்கள் முழுதாக எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

'மி.லி.' என்பது மில்லிலிட்டர். ஊசிக் குழலில் உள்ள 'சி.சி.'யும் அதே அளவுதான். ஆங்கில லேபிளில் லிட்டரைக் குறிக்கும் சிறிய 'எல்', 1 என்ற எண்ணைப் போலத் தெரியும். அதனால்தான் 1979-இல் பெரிய 'எல்' எழுத்தையும் சர்வதேச அளவில் அனுமதித்தார்கள்.

'ஹெ.' என்ற குறியீட்டில் கூடுதல் கவனம் தேவை. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். ஹெக்டேருக்குச் சொன்ன 500 மி.லி. பூச்சிக்கொல்லியை ஒரே ஏக்கரில் அடித்தால் ஏறத்தாழ இரண்டரை மடங்கு மருந்து விழும். பயிர் கருகலாம், விளைபொருளில் நஞ்சு தங்கலாம். ஏக்கருக்குச் சுமார் 200 மி.லி. போதும்.