பார்த்தவர் சொல்ல வேண்டும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் எதுவும் புலப்படாது. வளைவில் லாரியைப் பின்னுக்கு எடுக்கும் ஓட்டுநர் தம் கண்ணை மட்டும் நம்புவதில்லை. கிளீனர் கீழே இறங்கி நின்று குரல் கொடுக்கிறார். ஆபத்தென்றால் வண்டியைத் தட்டுகிறார். தட்டும் ஓசை கேட்டதும் ஓட்டுநர் நிறுத்துகிறார். "உனக்கென்ன தெரியும்?" என்று கேட்பதில்லை. பின்சக்கரம் நிற்கும் இடம் கிளீனருக்குத்தான் தெரியும்.

சுற்றிலும் நடப்பதைக் கவனித்தல், அதன் பொருளை உணர்தல், அடுத்து என்ன நேரும் என முன்கூட்டி அறிதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே சூழல் விழிப்பு. இவ்விழிப்பு எவர் ஒருவரிடமும் முழுமையாக இருப்பதில்லை. பலரிடம் பகுதி பகுதியாக இருப்பதைப் பேச்சுதான் ஒன்று சேர்க்கிறது. இந்த எளிய உண்மையை மருத்துவ உலகம் விமானிகளிடமிருந்து கற்றுக்கொண்டது.

விமானிகள் கற்ற பாடம்

1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் விமானத் தளத்தில், போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு எஞ்சின் விமானம் சோதனைக்காகப் புறப்பட்டது. மேலெழுந்த சிறிது நேரத்தில் விழுந்து எரிந்தது. எஞ்சினில் பழுதில்லை. விமானம் தரையில் நிற்கும்போது வால்பகுதி காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்திருந்தனர். ஓட்டியவரோ தேர்ந்த அனுபவசாலி. நினைவாற்றலை மட்டும் நம்பலாகாது என்று உணர்ந்த விமானிகள், புறப்படுமுன் பார்க்க வேண்டியவற்றைப் பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டனர்.

மறதிக்குப் பட்டியல் மருந்தாயிற்று. தயக்கத்துக்கு மருந்து எது? 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குரிய டெனரீஃப் தீவின் விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் இருந்தன. டச்சு விமானத்தின் தலைமை விமானி புறப்பாட்டைத் தொடங்கிவிட்டார். வானொலி உரையாடலைக் கேட்டு ஐயுற்ற விமானப் பொறியாளர், மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் விலகவில்லையோ என வினவினார். விலகிவிட்டது என அழுத்தமான விடை வந்தது. தலைமை விமானி அந்நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். பொறியாளர் மீண்டும் வற்புறுத்தவில்லை. சில நொடிகளில் நேர்ந்த மோதலில் 583 பேர் மாண்டனர்.

1979இல் நாசா இத்தகைய விபத்துகளை ஆராயக் கருத்தரங்கு கூட்டியது. 1981இல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்குக் கூட்டுப்பணிப் பயிற்சியைத் தொடங்கியது. இளையவர் தயங்காமல் சொல்லவும், மூத்தவர் செவிசாய்க்கவும் அதில் பழக்கினர்.

அறுவை அரங்கில்

அறுவை அரங்கிலும் நிலைமை இதுவே. அறுவை மருத்துவரின் கண் காயத்தில் இருக்கும். மயக்க மருத்துவரின் கண் மூச்சிலும் இரத்த அழுத்தத்திலும் இருக்கும். செவிலியர் பஞ்சுத் துணிகளை எண்ணிக்கொண்டிருப்பார். 1974இல் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி அறிவித்த தத்துவத்தில் பிறந்த கருவியை, கொரோனாக் காலத்தில் பலரும் விரலில் மாட்டிப் பார்த்திருப்போம். செந்நிற ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, நாடித் துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் பிரித்து, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை அது கணிக்கிறது. ஆனால் கருவி எண்ணைத்தான் காட்டும். எண் இறங்குவதை ஒருவர் சொல்ல வேண்டும்; மற்றவர் கேட்டுக் கையை நிறுத்த வேண்டும். 1980களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டில் மயக்க மருத்துவர் டேவிட் காபா, பொம்மை நோயாளியை வைத்து, விமானிகளைப் போலவே மருத்துவக் குழுவையும் நெருக்கடிக்குப் பழக்கத் தொடங்கினார்.

1999இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை உலகை அதிரவைத்தது. அந்நாட்டு மருத்துவமனைகளில் தவிர்த்திருக்கக்கூடிய பிழைகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக அது மதிப்பிட்டது.

இதன்பின் உலகச் சுகாதார நிறுவனம் அறுவைச் சிகிச்சைக்கென 19 வினாக்கள் கொண்ட பட்டியலை வகுத்தது. மயக்கம் கொடுக்குமுன், தோலைக் கீறுமுன், அரங்கை விட்டு நோயாளி வெளியேறுமுன் என மூன்று முறை குழு நின்று உரக்கச் சரிபார்க்க வேண்டும். நோயாளி யார், எந்தப் பக்கம், எந்த மருந்து ஒவ்வாது என்பவற்றோடு, அங்கிருப்போர் தம் பெயரையும் பணியையும் சொல்லிக்கொள்வதும் அதில் உண்டு. பெயர் சொல்லி ஒருமுறை வாய்திறந்தவர் பின்னர் ஆபத்தைச் சொல்லவும் துணிவார் அன்றோ!

2007 அக்டோபர் முதல் 2008 செப்டம்பர் வரை எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இது சோதிக்கப்பட்டது. அவற்றுள் தில்லியின் புனித ஸ்டீபன் மருத்துவமனையும் ஒன்று. அறுவைக்குப் பிந்திய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், பெரும் சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்தன.

காகிதம் மட்டும் போதுமா?

போதாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் இதே பட்டியல் நடைமுறைக்கு வந்தபோது குறிப்பிடத்தக்க பயன் தென்படவில்லை என 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. உத்தரப் பிரதேசத்தில் பிரசவத்துக்கென வகுத்த பட்டியலால் செவிலியரின் நடைமுறைகள் சீர்பட்டன. ஆயினும் தாய் சேய் இறப்பு குறையவில்லை என 2017இல் வெளியான முடிவுகள் கூறின. பட்டியல் மருந்தையோ ஆளையோ உண்டாக்காது. வாய் பேசாமல் கை மட்டும் குறியிட்டால் அது வெறும் படிவமே.

நம் பக்கத்திலேயே கூட்டுப்பணியின் வலிமையைக் காணலாம். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985இல் தேனிக்கும் வந்தது. மருத்துவர் ஒரு மேசையில் அறுவை செய்யும்போதே, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் அடுத்த மேசையில் அடுத்தவரை ஆயத்தப்படுத்துகின்றனர். அவரவர் பணி அவரவர்க்குத் திட்டமாகத் தெரிந்திருப்பதால்தான் இந்த வேகம் இயலுகிறது.

ஏலத்தோட்டத்தில் ஒருவரைப் பாம்பு கடிக்கிறது என்று கொள்வோம். போடி அரசு மருத்துவமனை, க.விலக்கில் உள்ள தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தேவையானால் மதுரை என அவர் கைமாறக்கூடும். எந்த நேரத்தில் கடித்தது, விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி ஏறியது, எந்த மருந்து அவருக்கு ஒவ்வாது என்ற செய்திகளும் நோயாளியோடு கைமாற வேண்டும். ஓரிடத்தில் விடுபட்டால் அடுத்த மருத்துவர் பனிமூட்டத்தில்தான் நிற்பார்.

உடன் செல்லும் உறவினரும் இக்குழுவில் ஒருவரே. பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். "வலக்கண் அன்று, இடக்கண்", "இந்த ஊசி அவருக்கு ஒவ்வாது" என்று சொல்லக் கூசாதீர்கள். மாணவர்களே, நாளை நீங்கள் மருத்துவராகவோ செவிலியராகவோ ஆனால், உங்களினும் இளையவர் ஐயத்தோடு வாய்திறக்கும்போது கையை நிறுத்திக் கேளுங்கள். அந்தச் சில நொடிகளில் ஓர் உயிர் பிழைக்கலாம்.