இழுவையிலிருந்து விடுவிப்பு வரை: கைட்சர்ஃபிங் கலைச்சொற்களின் வரலாற்று அடுக்குகள்

ஆய்வுச் சுருக்கம்

பெரிய பட்டம் ஒன்றின் இழுவிசையைக் கொண்டு, பலகைமீது நின்றவாறு நீர்ப்பரப்பில் விரையும் விளையாட்டு கைட்சர்ஃபிங் ஆகும். இதன் கலைச்சொற்கள் பாய்மரக்கலம், வானூர்தி, பாராசூட், அலைச்சறுக்கு ஆகிய துறைகளிலிருந்து வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்தவை. அவ்வாறு கடன்பெற்ற சொற்களையும் இவ்விளையாட்டிற்குள்ளேயே உருப்பெற்ற சொற்களையும் இக்கட்டுரை கால அடிப்படையில் ஒப்பிடுகிறது. முன்னவை பெரும்பாலும் காற்றின் ஆற்றலைப் பெறுவதைப் பற்றியவை. பின்னவை அதனைத் தணிப்பதையும் கைவிடுவதையும் பற்றியவை. புதியவர்களுக்கான தமிழ் விளக்கங்கள் இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: கைட்சர்ஃபிங், கலைச்சொல் வரலாறு, சொற்கடன், பொருள்மாற்றம், காற்றுப் பெயர்கள்

முன்னுரை

கலைச்சொற்களை அகரவரிசையில் அடுக்கிப் பொருள் தருவது அறிமுக நூல்களின் வழக்கம். தேடுவோர்க்கு அம்முறை எளிது. ஆயினும், எச்சொல் எத்தேவையால் எக்காலத்தில் தோன்றியது என்பதை அது காட்டுவதில்லை. உயிரிடர் மிக்க ஒரு விளையாட்டில் இக்குறை பெரிதாகிறது. கற்க வருபவர் முதல்நாளில் கேட்கும் சொற்களுள் சில வசதிக்கானவை, சில வேடிக்கையானவை, வேறு சிலவற்றைப் பிழைபடப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஊறு நேரும். இவற்றைப் பிரித்தறியச் சொற்களின் வரலாறு துணைசெய்கிறது.

இவ்விளையாட்டிற்குக் கைட்சர்ஃபிங், கைட்போர்டிங் என இரு பெயர்கள் வழங்குகின்றன. முன்னது அலைச்சறுக்கோடும் பின்னது பலகையோடும் உறவு காட்டுகிறது. பிரான்சில் தொடக்கத்தில் ஃப்ளைசர்ஃப் என்னும் பெயரும் வழங்கிற்று. பெயரே நிலைபெறாதிருந்த ஒரு துறை, தன் உறுப்புகளுக்கும் செயல்களுக்கும் அண்டைத் துறைகளிடம் சொற்கடன் பெற்றதில் வியப்பில்லை. அக்கடனின் வரிசையையும், கடன்பெற இயலாமல் புதிதாகப் படைத்துக்கொண்ட சொற்களின் இயல்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. இழுவைக் காலம்

பட்டத்தால் வண்டியையும் படகையும் இழுக்கச் செய்யும் முயற்சி இவ்விளையாட்டிற்கு மிக முந்தையது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளியாசிரியர் ஜார்ஜ் போகாக், பட்டங்களால் இழுக்கப்படும் சார்வொலான்ட் என்னும் வண்டிக்கு 1826இல் காப்புரிமை பெற்றார். நான்கு கயிறுகளைக் கொண்டு பட்டத்தைத் திசைதிருப்பும் அவரது முறையே இன்றைய கட்டுப்பாட்டு முறைக்கும் அடிப்படை. சாமுவேல் ஃபிராங்ளின் கோடி 1903இல் பட்டம் இழுத்த படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். இவ்விரு முயற்சிகளிலும் இழுவிசை வண்டியின்மீதோ படகின்மீதோ விழுந்தது. மனித உடலின்மீது நேரடியாக விழவில்லை. ஆகவே, எவ்வாறு இழுக்கச் செய்வது என்பதே அன்றைய முதன்மைச் சிக்கலாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பட்டத்தின் வடிவம் மாறியது. அமெரிக்காவின் பிரான்சிஸ் ரோகல்லோவும் கெர்ட்ரூட் ரோகல்லோவும் வளைந்துகொடுக்கும் சிறகிற்கு 1948இல் காப்புரிமை விண்ணப்பம் அளித்தனர். 1960களில் டொமினா ஜால்பெர்ட் பாராஃபாயில் என்னும் வடிவத்தை உருவாக்கினார். முன்புறத் திறப்புகள் வழியே காற்று புகுந்து துணி அறைகளை நிரப்ப, சட்டம் ஏதுமின்றிச் சிறகுபோல் உருக்கொள்வது அதன் இயல்பு. அவ்வறைகளைக் குறிக்கும் 'செல்' என்னும் சொல், பாராசூட், பாராகிளைடிங் துறைகளிலும் கைட்சர்ஃபிங்கிலும் ஒரே பொருளில் வழங்குகிறது. நெதர்லாந்தின் கைஸ்பெர்ட்டஸ் பன்ஹவுஸ் 1977இல் பெற்ற காப்புரிமை, மிதவைப் பலகைமீது நிற்பவரைப் பாராசூட் வகைப் பொறி இழுத்துச்செல்லும் நீர்விளையாட்டை விவரித்தது. கருத்தளவில் இன்றைய விளையாட்டு அங்கே தோன்றிவிட்டது. வணிக வெற்றிதான் வாய்க்கவில்லை.

2. நீரில் வீழ்ந்த பட்டம்

இவ்விளையாட்டு பரவுவதற்குத் தடையாக இருந்தது ஒரு நடைமுறைச் சிக்கல். கடலில் வீழ்ந்த பட்டத்தை மீண்டும் எழுப்ப இயலவில்லை. இதற்கு இருவகைத் தீர்வுகள் எழுந்தன.

பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியைச் சேர்ந்த புரூனோ லெகேனு, தொமினிக் லெகேனு சகோதரர்கள் காற்றடைத்த குழல்களை எலும்புக்கூடாகக் கொண்ட பட்டத்திற்கு 1984 நவம்பரில் காப்புரிமை விண்ணப்பம் அளித்தனர். அது நீரில் மிதந்தது. கயிறுகளை இழுத்து அதை மீண்டும் எழுப்ப முடிந்தது. அமெரிக்காவில் போயிங் நிறுவனக் காற்றியக்கவியலாளர் பில் ரோசலரும் அவர் மகன் கோரி ரோசலரும் வேறு வழியை நாடினர். 1994இல் விற்பனைக்கு வந்த அவர்களது கைட்ஸ்கி, கைப்பிடிக் கட்டையிலேயே கயிறு சுற்றும் உருளையைக் கொண்டிருந்தது. வீழ்ந்த பட்டத்தைச் சுற்றி இழுத்துக் கையருகே கொணர்ந்து மீண்டும் ஏவலாம்.

வரலாற்றில் நிலைத்தது முதல் தீர்வே. ஆகவே அதன் உறுப்புப் பெயர்களே பொதுச்சொற்களாயின. பட்டத்தின் முன்விளிம்பில் செல்லும் பெருங்குழல் லீடிங் எட்ஜ்; அதிலிருந்து பின்னோக்கிச் செல்லும் சிறுகுழல்கள் ஸ்ட்ரட்; குழலினுள் காற்றைத் தாங்கும் பை பிளாடர்; நீரிலிருந்து மீண்டும் எழுப்புதல் ரீலாஞ்ச். முதல் இரண்டும் வானூர்தித் துறைச் சொற்கள். 1996இல் ஹவாயின் மவுயி தீவில் லேர்ட் ஹாமில்டன், மனு பெர்த்தான் ஆகியோர் நிகழ்த்திய செயல்விளக்கங்களும், 1997இல் லெகேனு சகோதரர்களின் விபிகா பட்டங்கள் விற்பனைக்கு வந்ததும் இச்சொற்களைப் பரப்பின.

3. காற்றுச் சாளரமும் பாய்மரச் சொற்களும்

கற்பவர் முதலில் அறியும் கருத்து 'விண்ட் விண்டோ' எனப்படும் காற்றுச் சாளரம். காற்றுக்கு முதுகுகாட்டி நிற்கும் ஒருவர்முன், கயிற்றின் நீளத்தை ஆரமாகக் கொண்ட கால்கோள வடிவ வெளி விரிவதாகக் கொள்ள வேண்டும். கயிறு பொதுவாக 20 முதல் 24 மீட்டர் நீளமுடையது. பட்டம் இவ்வெளியின் எல்லைக்குள்ளேயே பறக்கும். இடங்களைக் கடிகார முறையில் குறிப்பர்: தலைக்கு நேர்மேலே 12 மணி, இடவோரம் 9 மணி, வலவோரம் 3 மணி. ஓரங்களிலும் உச்சியிலும் இழுவை குறைவு. நேர்முன்னே நடுப்பகுதியில் மிகுதி. அந்நடுப்பகுதியே பவர் சோன்.

இழுவிசை காற்றின் வேகத்தினது இருமடிக்கேற்ப உயர்கிறது. 15 நாட் வேகக் காற்று 20 நாட் ஆகும்போது வேகம் மூன்றில் ஒரு பங்கே கூடுகிறது. விசையோ ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. பட்டம் பவர் சோனைக் குறுக்கே வெட்டிப் பாயும்போது அதன் சொந்த வேகமும் காற்றின் வேகத்தோடு சேர்கிறது. இக்கூட்டுக் காற்றே 'அப்பேரன்ட் விண்ட்'. இச்சொல் பாய்மரத் துறையிலிருந்து வந்தது. காற்றுவரும் திசைப்பக்கம் அப்விண்ட் என்றும், காற்றுபோகும் திசைப்பக்கம் டவுன்விண்ட் என்றும் வழங்குவதும் அத்துறைக் கடனே.

'லஃப்' என்னும் பழைய மாலுமிச் சொல் இங்கே இடரின் பெயராக மாறியது குறிப்பிடத்தக்கது. பாய்மரத்தில் லஃப் என்பது பாய் காற்றிழந்து படபடத்தல். கலத்தின் வேகம் குறையும், அவ்வளவே. பட்டம் காற்றுச் சாளரத்தின் எல்லையைத் தாண்டி லஃப் ஆகும்போது கயிறுகள் தளர்கின்றன. பட்டம் வானிலிருந்து வீழ்கிறது. வீழ்ந்தது பவர் சோனில் மீண்டும் காற்றைப் பற்றினால், தளர்ந்த கயிறு திடீரென இறுகி மனிதரைத் தூக்கி எறியக்கூடும்.

4. சொல் ஒன்று, பொருள் வேறு

கடன்பெற்ற சொல் தன் பழைய நம்பிக்கைகளையும் உடன் கொணர்கிறது. இதற்கு 'லீஷ்' தக்க சான்று. அலைச்சறுக்கில் 1970களின் தொடக்கத்திலிருந்து லீஷ் என்பது பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு. அங்கே அது பாதுகாப்பின் அடையாளம். கைட்சர்ஃபிங்கின் தொடக்கத்திலும் பலகை லீஷ் பயன்பட்டது. ஆனால் பட்டம் வீழ்ந்தவரை முன்னோக்கி இழுக்க, பலகை நீரால் தடைபட்டுப் பின்தங்குகிறது. நீண்டு விறைத்த கயிறு பலகையைத் தலைநோக்கி எறிகிறது. ஆகவே பயிற்சியாளர்கள் அதைக் கைவிடச் செய்து, பலகையின்றிப் பட்டத்தின் இழுவையால் நீரில் உடலைச் செலுத்திப் பலகையை மீட்கும் 'பாடி டிராக்' முறையைக் கற்பிக்கலாயினர். இன்று லீஷ் என்றால் பெரும்பாலும் மனிதரையும் பட்டத்தின் ஒற்றைக் கயிற்றையும் பிணைக்கும் பாதுகாப்புக் கயிறே. சொல் அதுவே, பிணைக்கப்படும் பொருள் மாறிவிட்டது.

இடுப்பில் அணியும் ஹார்னஸ் விண்ட்சர்ஃபிங்கிலிருந்து வந்தது. அங்கே பாயைக் கைவிட்டால் அது நீரில் சாய்ந்து ஆற்றலிழக்கும். ஹார்னஸோடு பிணைந்த பட்டமோ, கைகள் ஓய்ந்த பின்னும் உடலை இழுத்துக்கொண்டே இருக்கலாம். இவ்வேறுபாட்டிற்குக் கடன்சொல்லில் இடமில்லை. 'ஃபாயில்' என்பது மற்றொரு குழப்பம். ஜால்பெர்ட் மரபில் வந்த அறைச்சிறகுப் பட்டமும் ஃபாயில். பலகையின் அடியில் பொருத்தி அதை நீருக்குமேல் உயர்த்தும் சிறகும் ஃபாயில். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில் முதன்முறையாக நடைபெற்ற ஃபார்முலா கைட் போட்டியில் இவ்விரண்டும் ஒருங்கே பயன்பட்டன.

5. விடுவிப்புச் சொற்கள்

இருகயிற்றுத் தொடக்கநிலைப் பட்டங்களில் திசையை மாற்றலாம். ஆற்றலைப் பெரிதும் குறைக்க இயலாது. நான்கு கயிற்று முறையில் முன்கயிறுகள் நடுவிலும் பின்கயிறுகள் கைப்பிடிக் கட்டையின் முனைகளிலும் இணைகின்றன. கட்டையைத் தள்ளினால் பின்கயிறுகள் தளர்ந்து, பட்டம் காற்றை எதிர்கொள்ளும் கோணம் குறைகிறது, இழுவையும் குறைகிறது. இச்செயலே 'டிபவர்'. வளைவு மிகுந்த சி-வகைப் பட்டங்களில் இது ஓரளவே இயன்றது. லெகேனு சகோதரர்களின் ஆய்வின் பயனாக 2005 அளவில் வந்த போ வகைப் பட்டங்கள் ஏறத்தாழ முழு இழுவையையும் தணிக்க இடமளித்தன.

நடுக்கயிற்றின் அடியில் ஹார்னஸ் கொக்கியில் மாட்டப்படும் வளையம் 'சிக்கன் லூப்' எனப்படும். சிக்கன் என்பது ஆங்கிலப் பேச்சுவழக்கில் கோழையைச் சுட்டும். காற்று மிகும்போது ஆற்றலைத் தணித்துக்கொள்பவர் கோழை என்னும் கேலியில் இப்பெயர் பிறந்ததாக வீரர்களிடையே விளக்கம் வழங்குகிறது. கேலிக்குரியதாகக் கருதப்பட்ட உறுப்பு இன்று கட்டுப்பாட்டு அமைப்பின் நடுப்புள்ளியாகிவிட்டது. அவ்வளையத்தோடு இணைந்த 'குவிக் ரிலீஸ்', ஒரே அசைவில் பட்டத்தை விடுவிக்கும் பொறி. இதற்கான பாதுகாப்புத் தேவைகளையும் சோதனை முறைகளையும் ஐ.எஸ்.ஓ. 21853 என்னும் பன்னாட்டுத் தரம் 2020இல் வரையறுத்தது.

விடுவிப்பு மூன்று படிகளாகக் கற்பிக்கப்படுகிறது. முதலில் கைப்பிடிக் கட்டையைக் கைவிடுதல். அது போதாதபோது குவிக் ரிலீஸை இயக்கி, பட்டம் லீஷின் ஒற்றைக் கயிற்றில் கொடிபோல் தொங்கி ஆற்றலிழக்கச் செய்தல். அதுவும் பயனற்றபோது லீஷையும் விடுவித்துப் பட்டத்தை முற்றிலும் துறத்தல். இவ்வடுக்கைச் சேர்ந்த பிற சொற்களும் இடரையே பேசுகின்றன. காற்றால் தூக்கப்படுதல் 'லாஃப்டிங்'. கயிறு சிக்கிய பட்டம் ஓயாமல் சுழன்று இழுத்தல் 'டெத் லூப்'. கைட், நைட்மேர் ஆகிய சொற்களின் கலப்பான 'கைட்மேர்' விபத்தின் பொதுப்பெயர்.

6. தமிழில் விளக்குதல்

இலங்கையின் கற்பிட்டியிலும் தமிழ்நாட்டின் இராமேசுவரத்திலும் கைட்சர்ஃபிங் பயிற்சி நடைபெறுவதால், இச்சொற்களைத் தமிழில் விளக்கும் தேவை கற்பனையானதன்று. பன்னாட்டவர் கூடும் கடலில் உரக்கக் கூவ வேண்டிய கட்டளைகள் கடன்சொற்களாகவே இருப்பது பொருத்தம். கருத்து விளக்கத்திற்கோ தமிழில் வளமுண்டு. பட்டத்தின் விசையைப் பகிர்ந்தளிக்கும் 'பிரைடில்' என்னும் கயிற்றமைப்பைத் தமிழ்நாட்டில் சூத்திரம் என்றும் யாழ்ப்பாணத்தில் முச்சை என்றும் பட்டம் விடுவோர் அறிவர். இதற்குப் புதுச்சொல் தேவையில்லை.

எச்சரிக்கை தேவைப்படுவது காற்றுப் பெயர்களில். வாடை, கொண்டல், சோளகம் ஆகிய பெயர்கள் காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் காட்டுகின்றன. கடற்காற்று, நிலக்காற்று ஆகியனவும் அவ்வாறே. ஆன்ஷோர், ஆஃப்ஷோர் என்னும் சொற்களோ காற்று எங்கே செல்கிறது என்பதைக் காட்டுகின்றன. கரையிலிருந்து கடல்நோக்கி வீசும் ஆஃப்ஷோர் காற்று, கற்பவரை ஆழ்கடலுக்குக் கொண்டுசெல்வதால் தவிர்க்கப்பட வேண்டியது. அதனைக் கடற்காற்று என மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகும். கரைக்காற்று என்றால் ஐயம் எஞ்சும். கரைநீங்கு காற்று, கரைசேர் காற்று எனத் திசைவினையைப் பெயருக்குள் அமைப்பதே பிழைக்கு இடந்தராது. டிபவரை ஆற்றல் தணிப்பு என்றும், குவிக் ரிலீஸை உடன்விடுவி என்றும், சிக்கன் லூப்பைக் கேலியை விடுத்துக் கொக்கி வளையம் என்றும் செயலடிப்படையில் விளக்கலாம்.

முடிவுரை

போகாக்கின் வண்டி முதல் லெகேனு சகோதரர்களின் மிதக்கும் பட்டம் வரை, தேவைப்பட்டவை இழுவைக்கும் எழுப்பலுக்குமான சொற்கள். அவற்றை அண்டைத் துறைகள் வழங்கின. இழுவிசை மனித உடலோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டபோது, அதனைக் கைவிடுவதற்கான சொற்களை இவ்விளையாட்டு தானே உருவாக்க வேண்டியதாயிற்று. இதிலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, வரலாற்றில் பிந்தித் தோன்றிய விடுவிப்புச் சொற்களே கற்பித்தலில் முந்த வேண்டும். இரண்டாவது, லீஷ், லஃப், ஃபாயில் போன்ற கடன்சொற்களை அவற்றின் பழைய பொருளோடு ஒப்பிட்டே விளக்க வேண்டும். மூன்றாவது, தமிழாக்கத்தில் சொல்லின் வடிவத்தைவிடச் செயலும் திசையும் முதன்மை பெற வேண்டும். கரையில் நின்று கற்கும் சொல்லின் தெளிவே கடலில் கையின் விரைவைத் தீர்மானிக்கிறது.