மூக்கு அழகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மேடு, பள்ளமா? எப்போ பொறுமையா இருக்கணும், எப்போ டாக்டரிடம் ஓடணும்?

மூக்கின் மேல் போட்டிருந்த ஸ்பிளிண்ட் ஒரு வாரத்தில் பிரிக்கப்படுகிறது. முகம் வீங்கியிருந்தாலும், பழைய மேடு போய்விட்டது என்ற சந்தோஷம். ஆனால் மூன்று, நான்கு வாரம் போனதும் விரலால் தடவிப் பார்க்கும்போது எங்கோ ஒரு சின்ன முடிச்சு தட்டுப்படுகிறது. ஒரு பக்கம் லேசாகப் பள்ளம் விழுந்த மாதிரி தெரிகிறது. செல்ஃபி எடுத்தால் நிழல் கோணலாக விழுகிறது. 'ஆபரேஷன் கெட்டுப்போச்சா?' என்ற பயம் ஆரம்பிப்பது இங்கேதான்.

ரைனோபிளாஸ்டி எனப்படும் மூக்கு அழகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இப்படிப்பட்ட மேடு பள்ளங்கள் அபூர்வமானவை அல்ல. பல தானாகவே சரியாகிவிடும். சிலவற்றுக்கு ஊசி போதும். சிலவற்றுக்கு மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்படும். 100 பேரில் சுமார் 5 முதல் 15 பேர் வரை இரண்டாவது அறுவை சிகிச்சைக்குப் போக நேரிடுவதாக மருத்துவ உலகில் பொதுவாகச் சொல்லப்படுகிறது. எது தானாகச் சரியாகும், எதற்குச் சிகிச்சை வேண்டும், எது அவசரம் என்று விரிவாகப் பார்க்கலாம்.

மேடு பள்ளம் ஏன் வருது?

மூக்கின் மேல் மூன்றில் ஒரு பங்கு எலும்பு. அதற்குக் கீழே முழுவதும் குருத்தெலும்பு. இவை இரண்டையும் மூடியிருப்பது தோல். இந்தத் தோல் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருக்காது. புருவங்களுக்கு நடுவிலும் மூக்கு நுனியிலும் தடிமனாக இருக்கும். எலும்பும் குருத்தெலும்பும் சேரும் நடுப்பகுதியில் மிக மெல்லியதாக இருக்கும்.

கம்பளிக்கு அடியில் ஒரு அரிசி கிடந்தால் யாருக்கும் தெரியாது. அதே அரிசி பட்டுத் துணிக்கு அடியில் கிடந்தால் பளிச்சென்று தெரியும். மூக்கிலும் இதே கதைதான். மேட்டைச் சீவி எடுக்கும் நடுப்பகுதியில் தோல் மெல்லியது என்பதால், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சொரசொரப்புகூட வெளியே தெரிய வாய்ப்பு உண்டு. நுனியில் நிலைமை தலைகீழ். அங்கே தோல் தடிமன் என்பதால் வீக்கம் லேசில் இறங்காது.

வீக்கம் எவ்வளவு நாள் இருக்கும்?

கண்ணைச் சுற்றிய கன்றிப்போன நிறம் பெரும்பாலும் இரண்டு வாரங்களில் மறையும். வீக்கத்தின் பெரும்பகுதி மூன்று மாதங்களுக்குள் குறையும். ஆனால் கடைசி வீக்கம் வடிய ஓராண்டு வரை ஆகலாம். தடிமனான தோல் உள்ளவர்களுக்கும், இரண்டாவது முறை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இன்னும் கூடுதல் காலம் பிடிக்கும்.

இந்த வீக்கம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்காது என்பதுதான் முக்கியம். ஒரு பக்கம் முதலில் இறங்கினால் மூக்கு கோணலாகிவிட்டது போலத் தோன்றும். படுத்து எழுந்ததும் காலையில் வீக்கம் கூடுதலாகவும், மாலையில் குறைவாகவும் இருக்கும். அதனால் முதல் சில மாதங்களில் கண்ணாடியில் தெரிவதை இறுதி வடிவமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

என்னென்ன வகை குறைகள் வரும்?

சொரசொரப்பும் முடிச்சும்: சீவிய எலும்பின் விளிம்பு முழுமையாக வழவழப்பாகாமல் இருப்பது, எலும்பு ஆறும்போது சிறு தடிப்பு உருவாவது ஆகியவை காரணம். தொட்டால் மட்டும் தெரியும், கண்ணுக்குத் தெரியாது என்றால் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

தட்டையான அகல மூக்கு: மேட்டைச் சீவியதும் இரண்டு மூக்கெலும்புகளுக்கு நடுவே இடைவெளி விழும். எலும்புகளை உள்நோக்கி நகர்த்தி அதை மூட வேண்டும். சரியாக மூடாவிட்டால் நடுவில் தட்டையாகவும், ஓரத்தில் விளிம்பு தட்டுப்படுவதாகவும் இருக்கும்.

தலைகீழ் 'வி' நிழல்: நடுப்பகுதிக் குருத்தெலும்பு தாங்கல் இல்லாமல் உள்ளே சரிந்தால், எலும்பின் கீழ் விளிம்பு தலைகீழ் 'வி' போலத் தெரியும். பலருக்கு இதோடு மூச்சுவிடுவதிலும் சிரமம் வரும்.

கிளி மூக்கு: நுனிக்குச் சற்று மேலே உப்பலாகி, பக்கவாட்டில் பார்த்தால் கிளி மூக்கு போலத் தெரிவது. உள்ளே தழும்புத் திசு சேர்வதாலும், அங்கே குருத்தெலும்பு கூடுதலாக மிஞ்சுவதாலும், நுனி கீழே இறங்குவதாலும் வரலாம்.

சேண மூக்கு: அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் மூக்கின் நடுப்பகுதி குதிரைச் சேணம் போலக் குழிந்துவிடும்.

வைத்த துண்டு வெளியே தெரிவது: வடிவம் கொடுக்க வைத்த குருத்தெலும்புத் துண்டு நகரலாம், வளையலாம். வீக்கம் முழுவதும் வடிந்த பிறகே அதன் ஓரம் தெரிய ஆரம்பிக்கும். விலா எலும்பிலிருந்து எடுத்த குருத்தெலும்புக்கு வளையும் குணம் கூடுதல்.

வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

மூக்கை அமுக்குவது, மசாஜ் செய்வது, இரவில் டேப் ஒட்டுவது ஆகியவற்றை அறுவை சிகிச்சை செய்த டாக்டர் சொன்னால் மட்டுமே செய்ய வேண்டும். எந்த இடத்தில், எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று அவரே காட்டிக்கொடுப்பார். வீடியோ பார்த்துவிட்டு சொந்தமாக அமுக்கினால், ஆறாத எலும்பு நகர்ந்துவிடும் ஆபத்து உண்டு.

முதல் சில வாரங்கள் மூக்குக் கண்ணாடியின் பாரம் மூக்கில் விழக் கூடாது. தலையை உயர்த்தி வைத்துப் படுப்பது, உப்பைக் குறைப்பது, கடும் வெயிலைத் தவிர்ப்பது எல்லாம் வீக்கம் குறைய உதவும். கனமான பொருளைத் தூக்குவது, தலைகீழாக நிற்கும் ஆசனங்கள், பந்து விளையாட்டு ஆகியவை டாக்டர் அனுமதிக்கும்வரை வேண்டாம். கழற்றி வைத்த மூக்குத்தியைத் திரும்பப் போடும் முன்பும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. புகைபிடித்தால் காயம் ஆறுவது தாமதமாகும்.

ஊசியில் சரியாகுமா?

கிளி மூக்கு உப்பல் தழும்புத் திசுவால் வந்தது என்றால், குறைந்த அளவு ஸ்டீராய்டு ஊசி பலன் தரும். சில வார இடைவெளியில் திரும்பவும் போட வேண்டியிருக்கலாம். ஆனால் அளவு கூடினாலோ, தோலில் மேலோட்டமாக இறங்கினாலோ தோல் மெலிந்து புதுப் பள்ளம் விழும். 'சீக்கிரம் குறையணும், இன்னும் கொஞ்சம் போடுங்க' என்று கேட்பது தப்பு. உப்பலுக்குக் காரணம் குருத்தெலும்பு என்றால் இந்த ஊசி உதவாது.

சின்னப் பள்ளங்களை நிரப்ப ஹயலூரானிக் அமில ஃபில்லர் போடுவது இப்போது பிரபலம். சில நிமிட வேலை, உடனே பலன், சில மாதங்களில் கரைந்தும் விடும். கேட்க எளிதாக இருந்தாலும், முகத்தில் ஃபில்லருக்கு ஆபத்தான இடங்களில் மூக்கும் ஒன்று. மூக்கின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் ரத்தக் குழாய்களோடு தொடர்பு உள்ளவை. ஃபில்லர் குழாய்க்குள் புகுந்து அடைத்தால் தோல் அழுகலாம், பார்வையே போகலாம். ஏற்கெனவே அறுவை சிகிச்சை செய்த மூக்கில் தழும்பும், மாறிப்போன ரத்த ஓட்டமும் இருப்பதால் ஆபத்து இன்னும் அதிகம்.

எனவே பியூட்டி பார்லரிலோ, அனுபவமில்லாதவரிடமோ மூக்கில் ஃபில்லர் போடவே கூடாது. ஃபில்லரைக் கரைக்கும் ஹயலூரானிடேஸ் மருந்து கையிருப்பில் உள்ளதா என்று முதலில் கேட்க வேண்டும். 'அது எதுக்கு?' என்று திருப்பிக் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

மறு அறுவை சிகிச்சை எப்போ?

பொதுவாக முதல் அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டாவது ஆக வேண்டும். வீக்கம் வடிந்து, தழும்பு மென்மையான பிறகுதான் உண்மையான குறை எது என்பதே தெரியும். அவசரப்பட்டுத் திறந்தால், இல்லாத குறையைச் சரிசெய்யப் போய் புதுக் குறையை உண்டாக்கியது போலாகும்.

எலும்பு விளிம்பு மட்டும் தட்டுப்பட்டால் சிறிய அரம் கொண்டு தேய்த்துச் சமன் செய்யலாம். பள்ளமோ சரிவோ இருந்தால் குருத்தெலும்பு வைக்க வேண்டும். முதலில் மூக்கின் நடுச்சுவரிலிருந்து எடுப்பார்கள். அங்கே மீதி இல்லை என்றால் காதிலிருந்தும், அதிகம் தேவைப்பட்டால் விலாவிலிருந்தும் எடுப்பார்கள். தோல் மெல்லியதாக இருந்தால், தலையின் பக்கவாட்டுத் தசையை மூடியிருக்கும் சவ்வை எடுத்து, தோலுக்கு அடியில் மெத்தை போல விரிப்பதும் உண்டு.

இரண்டாவது முறை என்பது முதல் முறையைவிடக் கடினம். தழும்பு, குருத்தெலும்புப் பற்றாக்குறை என்று தடைகள் அதிகம். அதனால் 'பெர்ஃபெக்ட்' மூக்கை எதிர்பார்க்காமல், இப்போது இருப்பதைவிட நன்றாக ஆனால் போதும் என்ற மனநிலையே சரி.

இந்த அறிகுறி இருந்தால் காத்திருக்கக் கூடாது

- காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, சிவப்பு, சீழ்
- நிற்காத ரத்தப்போக்கு
- மூக்கின் உள்ளே இரு பக்கமும் வலியுடன் வீங்கி, மூச்சு முழுவதும் அடைப்பது
- அடிபட்டு மூக்கு திடீரென விலகுவது
- சிலிக்கான் வைத்த இடத்தில் தோல் மெலிந்து பளபளப்பது, சிவப்பது
- ஃபில்லருக்குப் பிறகு தோல் வெளுப்பது, வலை போல நீலம் பாய்வது, கடும் வலி, பார்வை மங்குவது

கடைசியாகச் சொன்ன பார்வைக் கோளாறுக்கு நிமிடங்கள்கூட முக்கியம். நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

செலவும் உரிமையும்

அழகுக்காக மட்டும் செய்யும் அறுவை சிகிச்சையை மருத்துவக் காப்பீடு பொதுவாக ஏற்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு, மருத்துவ ரீதியாக அவசியமான சிகிச்சை ஆகியவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. மூச்சுத் தடை இருந்தால் அதற்கான பரிசோதனை அறிக்கையோடு காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கலாம்.

வேறு டாக்டரிடம் போவதாக இருந்தால், பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பு கையில் இருக்க வேண்டும். எதை எடுத்தார்கள், எங்கே என்ன வைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. டாக்டரின் பதிவு விவரத்தை தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

அலட்சியத்தால் பாதிப்பு என்றால் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். ஆனால் எதிர்பார்த்த வடிவம் வரவில்லை என்பது மட்டுமே அலட்சியம் ஆகிவிடாது.

கண்ணாடி முன்னாடியே நிக்கிறீங்களா?

மற்றவர் கண்ணுக்குத் தெரியாத குறையை ஒரு நாளில் பலமுறை கண்ணாடியில் தேடுவது, அதனால் வெளியே போகவே தயங்குவது போன்றவை உடல் தோற்றம் குறித்த மனநலப் பிரச்சினையின் அறிகுறியாக இருக்கலாம். இதை இன்னொரு அறுவை சிகிச்சை பெரும்பாலும் தீர்க்காது. மனநல மருத்துவரிடம் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்றவர்களுக்கு ஓர் எளிய வழி: தினமும் பார்ப்பதை விட்டுவிட்டு, மாதம் ஒரு முறை மட்டும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், நேராகவும் இரு பக்கவாட்டிலும் போட்டோ எடுத்து வையுங்கள். மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே வந்தால் மூக்கு இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓராண்டு கழித்தும் அந்தக் குறை அப்படியே நின்றால், அந்தப் படங்களோடு டாக்டர் முன்னால் உட்காரலாம்.