யார் குரல் நம்பப்படும்?



1941இல் பிபிசி வானொலியின் தேசியச் செய்தியை வாசிக்க வில்ஃபிரட் பிக்கிள்ஸ் லண்டனுக்கு அழைக்கப்பட்டார். யார்க்‌ஷயரின் ஹாலிஃபாக்ஸ் என்னும் ஆலை நகரத்துக்காரர். தகப்பனாரோடு கட்டட வேலை பார்த்தவர். அதுவரை அந்தச் செய்தி மேட்டுக்குடி உச்சரிப்பில் மட்டுமே வாசிக்கப்பட்டது. பிக்கிள்ஸ் தன் ஊர்ப் பேச்சின் வாடையோடு வாசித்தார். ஜெர்மானியர்கள் பிபிசி அறிவிப்பாளரைப் போலப் பேசி மக்களை ஏமாற்றிவிடாமல் இருக்கச் செய்த போர்க்கால ஏற்பாடு இது என்று சொல்வதுண்டு.

புகார்கள் வந்தன. இந்தக் குரலில் வரும் செய்தியை நம்ப முடியவில்லை என்றுகூடச் சொன்னார்கள். செய்தி அதேதான், எழுதிக் கொடுத்த அலுவலகமும் அதேதான். போர் முடிந்து 1946இல் அதே பிக்கிள்ஸ் ஊர் ஊராகப் போய் எளிய மக்களோடு பேசிச் சிரிக்கும் வானொலி நிகழ்ச்சியைத் தொடங்கியதும் நாடே கேட்டது. 1967 வரை அது நடந்தது. அந்தக் குரல் சிரிக்க வைக்கலாம், செய்தி சொல்லக்கூடாது. நம் சினிமாவில் சேரித் தமிழ் நெடுங்காலம் யார் வாய்க்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

‘சரியான’ உச்சரிப்பு எங்கிருந்து வந்தது? ஒலியியலாளர் டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியில் அதற்குப் ‘பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்பு’ என்று பெயரிட்டார். பெயரில்தான் பப்ளிக், அவை கட்டணம் கட்ட வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிகள். 1926ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தப் பெயர் போய், ‘ஏற்றுக்கொள்ளப்பட்ட உச்சரிப்பு’ என்றானது. யார் ஏற்றுக்கொண்டது என்ற கேள்விக்குப் பெயரில் இடமில்லை. முதல் பெயரில் வர்க்கம் வெளிப்படையாக இருந்தது. இரண்டாவதில் அது மறைந்துகொண்டது. அதே 1926இல்தான் பிபிசியும், அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் தலைமையில், பேச்சு ஆங்கிலத்துக்கு ஒரு குழு அமைத்தது.

வர்க்கமெல்லாம் இல்லை, சில உச்சரிப்புகள் இயல்பிலேயே காதுக்கு இனிமையானவை என்பார்கள். 1970களில் ஹோவர்ட் கைல்ஸும் அவரோடு இருந்தவர்களும் இதைச் சோதித்தார்கள். கிரேக்க மொழியே தெரியாத பிரிட்டன் மாணவர்களுக்கு ஏதென்ஸ் பேச்சையும் கிரீட் தீவின் பேச்சையும் போட்டுக் காட்டினார்கள். கிரேக்கர்களுக்கு ஏதென்ஸ் பேச்சே உயர்ந்தது. மாணவர்களுக்கோ இரண்டுக்கும் ஏற்றத்தாழ்வு தெரியவில்லை. இன்னொரு வேடிக்கை: சொல்லின் கடைசியில் வரும் ‘ர’கர ஒலியை விழுங்குவது இங்கிலாந்தில் மேன்மை, 1960களில் வில்லியம் லபோவ் ஆய்வு செய்த நியூயார்க்கிலோ அதை விழுங்குவது தாழ்வு.

கவிஞர் டோனி ஹாரிசன் லீட்ஸ் நகரத்து ரொட்டி சுடுபவரின் மகன். உதவித்தொகையில் நல்ல பள்ளிக்குப் போனவர். வகுப்பில் கீட்ஸை வாய்விட்டு வாசித்தபோது ஆசிரியர் இடைமறித்து அவமதித்ததையும், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் குடிகார வாயிற்காவலன் வேடம் தனக்குத் தரப்பட்டதையும் கவிதையாக்கினார். வீட்டிலிருந்து அந்த வகுப்பறை எத்தனை மைல் இருந்துவிடும்? பள்ளி இருந்தது அவருடைய சொந்த ஊரிலேயே. ஆனாலும் வாசலைத் தாண்டியதும் அவர் வெளியூர்க்காரர். 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ ஊர்ப்பேச்சிலேயே எழுதப்பட்டதையும், அதை இலக்கியமா என்று கேட்டவர்களையும் அறிந்த நமக்கு இது புதிதல்ல.

என்னை அதிகம் உறுத்துவது 2002இல் வெளியான ஓர் ஆய்வு. ஜான் டிக்சனும் உடன் ஆய்வாளர்களும் காவல் விசாரணை ஒன்றின் ஒலிப்பதிவை மாணவர்களிடம் கொடுத்தார்கள். உரையாடல் ஒன்றே, சந்தேக நபர் ஒரு பதிவில் பர்மிங்காம் தொழிலாளர் உச்சரிப்பில் பேசுகிறார், இன்னொன்றில் ‘ஏற்றுக்கொள்ளப்பட்ட’ உச்சரிப்பில். பர்மிங்காம் குரலையே கூடுதலாகக் குற்றவாளி என்றார்கள். அவர் கறுப்பர் என்ற குறிப்பும், படித்த வேலைக்காரர் செய்யும் மோசடியாக இல்லாமல் கொள்ளைக் குற்றச்சாட்டும் சேர்ந்தபோது அந்த எண்ணம் மேலும் வலுத்தது.

வன்கொடுமை வழக்குகளில் சாட்சிக் கூண்டேறும் நம் பெண்கள் எந்தத் தமிழில் பேசுகிறார்கள், அது எந்தத் தமிழாக, சில நேரம் ஆங்கிலமாக, பதிவேட்டில் ஏறுகிறது? டிக்சன் செய்த சோதனையை நம் பேச்சுகளை வைத்துச் செய்ய ஒலிப்பதிவுக் கருவியும் நூறு மாணவர்களும் போதும். சமூகவியல் படிக்கும் தோழர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.