ஜூவெனல், பெர்சியஸ்: தொடக்ககால அச்சுப் பதிப்புகள்

உரோமானிய அங்கதக் கவிஞர்களான பெர்சியஸ், ஜூவெனல் இருவரின் நூல்களும் ஐரோப்பாவில் அச்சுக்கலை பரவத் தொடங்கியபோதே அச்சேறின. பல சமயம் ஒரே நூலாகச் சேர்த்து வெளியிடப்பட்டன. பெர்சியஸ் பாடியவை 6 அங்கதங்கள். ஜூவெனல் பாடியவை 16. கடைசி அங்கதம் முற்றுப்பெறவில்லை. 1470ஐ ஒட்டி ரோமில் உல்ரிக் ஹானும் வெனிஸில் விண்டெலினும் இவற்றை அச்சிட்டனர்.

முதற்பதிப்புகள் பெரும்பாலும் கைக்கெட்டிய பிற்காலச் சுவடிகளையே நம்பின. கடினமான அடிகளைப் படியெடுத்தோர் எளிதாக்கி எழுதியிருந்ததால், அந்தத் திருத்தங்களே மூலமாக நிலைத்துவிட்டன. விரைவில் உரைப்பதிப்புகள் பெருகின. பக்கத்தின் நடுவே சில அடிகள் பெரிய எழுத்தில் நிற்க, நாற்புறமும் சிற்றெழுத்தில் உரை சூழ்ந்திருக்கும். கால்டெரினி, மெருலா, மான்சினெல்லி ஆகியோரின் உரைகள் பெரிதும் பயிலப்பட்டன. 1486இல் வெனிஸில் வெளியான ஜோர்ஜோ வல்லாவின் பதிப்புக்குத் தனி மதிப்பு உண்டு. பழஞ்சுவடி ஒன்றில் புரோபஸ் என்பவர் பெயரில் இருந்த குறிப்புகளை அவர் தம் உரையில் எடுத்தாண்டார். அச்சுவடி பின்னர் தொலைந்துபோனதால், அக்குறிப்புகளை அறிய அவர் நூலே வழி.

1501இல் ஆல்டஸ் மனூட்டியஸ் உரையை நீக்கி, மூலத்தை மட்டும் சாய்வெழுத்தில் கையடக்க நூலாக்கினார். லியோன் நகர அச்சகங்கள் அவருடைய கையடக்கப் பதிப்புகளைப் போலியாக அச்சிட்டு விற்றன. பிழை மலிந்த அந்நூல்களைக் கண்டித்து 1503இல் அவர் எச்சரிக்கை வெளியிட்டார்.

மூலபாட வரலாற்றில் எல்லாவற்றிலும் முக்கியமானது, வழக்கறிஞர் பியேர் பித்தூ 1585இல் பாரிஸில் வெளியிட்ட பதிப்பு. லோர்ஷ் மடத்தைச் சேர்ந்த 9ஆம் நூற்றாண்டுச் சுவடியை அவர் ஆதாரமாகக் கொண்டார். திருத்தங்கள் பெரிதும் தீண்டாத பாடம் அதில் இருந்தது. அதன் ஓரக்குறிப்புகளையும் அவர் அச்சிட்டார். இன்று மோன்பெலியே மருத்துவப் புல நூலகத்தில் உள்ள அச்சுவடியே ஜூவெனல் ஆய்வுக்கு இன்னமும் தலையாய சான்று.

பெர்சியஸுக்கு அத்தகைய பணியைச் செய்தவர் ஐசக் கசோபன். அவரது 1605ஆம் ஆண்டுப் பதிப்பு, இருண்ட நடைக்குப் பேர்போன அக்கவிஞரை விரிவான உரையால் விளக்கியது. உரோமானிய அங்கதம் கிரேக்க சாட்டிர் நாடகத்திலிருந்து பிறந்ததன்று என்பதையும் அதே ஆண்டில் தனி நூலாக எழுதி நிறுவினார். லண்டனில் தாமஸ் ஃபார்னபி 1612இல் மாணவர்க்கேற்ற சுருக்கக் குறிப்புகளோடு இருவரையும் பதிப்பித்தார். பிரெஞ்சு இளவரசருக்கென உருவான வரிசையில் 1684இல் லூயி தேப்ரே பதிப்பு வந்தது.

ஜூவெனலின் 6ஆம் அங்கதத்தைச் சேர்ந்த சுமார் 36 அடிகள் இப்பதிப்புகள் எதிலும் இல்லை. அவை 1899இல்தான் ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகச் சுவடி ஒன்றில் கண்டெடுக்கப்பட்டன.